பாலீஷ் போட்ட துப்பாக்கி

அத்தியாயம் 11

போன வாரம் பீரோவைத் திறந்த தேவிகா திகைத்து நின்றாளே, அங்கிருந்து தொடர்வோம். பீரோவில் அப்பாவின் வேட்டிகள் இருந்தன. அம்மாவின் கல்யாணப் பட்டு இருந்தது. பூச்சி உருண்டை கூட வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பா கங்காதரன் உயிரோடு இருந்த வரையில் யாரையும் தொடவிடாத இரட்டைக்குழல் துப்பாக்கி மட்டும் இல்லை.

"அண்ணன் எடுத்துட்டுப் போய்ட்டான்டி. நான்தான் சாவி குடுத்தேன்" என்று அம்மா கமலவேணி அடுப்படியிலிருந்தே சொன்னாள். குரலில் ஒரு கவலையும் இல்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கங்காதரன் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அணைக்கட்டுப் பக்கம் காட்டை ஒட்டி அவருக்கு நிலம். வேர்க்கடலையைக் காட்டுப்பன்றி கிளறிப்போடுகிறது என்பதற்காக வாங்கிய லைசென்ஸ் அது. லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை கிடையாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கடை மூலமாகவே விற்க வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் இன்பராஜ் நல்ல மனிதர். துக்க வீடு என்று கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். அதுவரை துப்பாக்கி வீட்டில் இருக்கிறபடியே இருக்கும் என்று ஒருவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கையெழுத்து கமலவேணியுடையது. மூத்த மகன் குமரன் போட்டிருக்கலாம். "நான் பிசினஸ் பண்றவன், ஸ்டேஷன் பேப்பர்ல என் பேரு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டான். நான் போடுகிறேன் என்று தேவிகா வந்தபோது, "கல்யாணம் ஆவாத பொண்ணு, உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று அதையும் தடுத்தான். மிச்சமிருந்தது அம்மா. அதை எழுதிய வாரமே எனக்குக் கை கூசியது.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி, குமரனைக் கொஞ்சம் திருத்தக் கூடாதா என்று கேட்டிருந்தார். அம்மா, நானும் பத்து வாரமாக அதைத்தான் பார்க்கிறேன். அவன் இடம் கொடுத்தால்தானே?

மறுநாள் காலை வாசலில் கார் ஹாரன் அடித்தது. இறங்கி வந்து கூப்பிடக்கூடக் குமரனால் முடியவில்லை. தேவிகா வெளியே போனாள்.

"துப்பாக்கி எங்க அண்ணா?"

"டிக்கில இருக்குது. அம்மாவைக் கூட்டிட்டு வா. வேலூர் கடைக்கு இன்னைக்கே போய்ட்டு வந்துடலாம்."

"எங்க எடுத்துட்டுப் போன?"

"நம்ம யூனிட்டுக்கு."

குமரனுக்கு ஆம்பூரில் பெல்ட் யூனிட். பெரிய கம்பெனிகளிடம் ஆர்டர் வாங்கி வெட்டி, தைத்து, பக்கிள் மாட்டிக் கொடுக்கும் இடம்.

"ஆம்பூருக்கா? ஜில்லாவே வேற அண்ணா அது. இங்கருந்து அசைக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே அம்மாகிட்ட கையெழுத்து வாங்கினாங்க?"

"டிக்கில வெச்சா யாருக்குடி தெரியும்? நீ ஓவரா பேஜார் பண்ணாத."

காட்டச் சொன்னாள். காட்டமாட்டேன் என்றான். கடையில் போய்த் திறக்கும்போது பார், அசந்துபோவாய் என்று சிரித்தான். கமலவேணி அதற்குள் தலைவாரி, விபூதி வைத்து, மகனுக்குப் பிடிக்கும் என்று டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவிகா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள். ரத்தம், சளி, மலம், எல்லாம் டப்பா டப்பாவாக அவள் கை வழியாகப் போகிறது. எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. ஆனால் அன்றைக்குக் காரில் ஏறி உட்கார்ந்ததுமே சுளித்தாள். காருக்குள் தோல் வாடையும், அதை மறைக்க அவன் அடித்திருந்த சென்ட் வாடையும் சேர்ந்து அடித்தன. கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"ஏசி போட்டிருக்கேன் இல்ல, மூடு" என்றான் குமரன்.

வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் பழைய துப்பாக்கிகளை எடுத்து மேஜையில் வைத்து விலை சொல்கிறானாம். ஒவ்வொன்றும் நம்ம ஊர்க் காசுக்கு முப்பது லட்சம், நாற்பது லட்சமாம். அப்பாவின் துப்பாக்கியிலும் இங்கிலீஷில்தான் எழுதியிருந்ததாம்.

"நைட்ரோ ப்ரூஃப்னு கம்பெனி பேரே போட்டிருந்துச்சும்மா. பெரிய கம்பெனியா இருக்கும்."

"உங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்லையேடா."

"அவருக்கு இன்னா தெரியும்? பன்னி சுடத்தான் தெரியும்."

செத்து ஒரு மாதம் ஆகவில்லை. தேவிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கமலவேணி டப்பாவைத் திறந்து மகனுக்கு ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கடித்துத் தின்றான். பொடி மடியெல்லாம் கொட்டியது.

ரஃபி அகமதின் கடை பழைய வேலூரில், இரும்புக் கம்பிக் கதவு போட்ட ஒரு மாடி. கங்காதரன் வருஷா வருஷம் தோட்டா வாங்க வந்துபோன இடம். ரஃபி அகமது முதலில், துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக இன்பராஜ் கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்தைப் படித்தார். பிறகு கமலவேணியைப் பார்த்து எழுந்து நின்றார்.

"சேதி கேட்டப்ப நான் ஊர்ல இல்லம்மா. நல்ல மனுஷன். உக்காருங்க."

குமரன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான். அதற்கென்றே யூனிட்டில் புதுசாக ஒரு தோலுறை தைத்திருந்தான். மேலே தன் யூனிட் பெயரை வேறு அச்சடித்திருந்தான். கல்யாண மாப்பிள்ளை மோதிரம் காட்டுகிற மாதிரி ஜிப்பை மெதுவாக இழுத்தான்.

உள்ளேயிருந்து எவர்சில்வர் பாத்திரம் மாதிரி ஒன்று வந்தது.

ரஃபி அகமது அதைத் தொடவில்லை. "இது இன்னாது?" என்றார்.

"அப்பா துப்பாக்கிதான் பாய்."

"கங்காதரன் சார் துப்பாக்கியை நான் பாத்திருக்கேன் தம்பி. ரெண்டு பக்கமும் கௌதாரி பறக்கற மாதிரி செதுக்கியிருக்கும். அடியில நீலமும் பழுப்பும் ஓடும். இது அது இல்ல."

"அதேதான் பாய். பாலீஷ் போட்டுட்டேன். நானே மிஷின் பக்கத்துல நின்னு போட வெச்சேன்."

ரஃபி அகமது கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விசைக்கு மேலே இருக்கும் இரும்புப் பெட்டியின் பக்கவாட்டை விரலால் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஓர் இடத்தில் ஒரே ஒரு சிறகின் தடம், ஆணி முனையால் கீறியது போல மங்கலாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் மழமழவென்று இருந்தது.

இந்த இடத்தில் குமரனின் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வெறும் முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். ஆம்பூரில் சரக்கு வாங்கும் பையர் வருகிறான் என்றால் முதல் நாள் சாயங்காலமே யூனிட்டில் எல்லோரும் துடைப்பார்கள், தேய்ப்பார்கள். தோலில் ஒரு சின்னக் கறை இருந்தால் போதும், அந்தத் துண்டு இரண்டாம் தரத்துக்குப் போய்விடும். பக்கிளில் ஒரு மங்கல் இருந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும். பழைய மேற்பரப்பை யாரிடமும் காட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருபது வருஷமாக அவன் கையில் ஏறிப்போன பழக்கம். பெல்ட்டுக்கு அது சரிதான். துப்பாக்கி விற்கப் போகிறவன் ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"ஃபினிஷிங் இல்லாம சரக்கைக் காட்டக் கூடாதில்ல பாய். பக்கிளுக்குப் போடற பஃபிங் வீல்லதான் குடுத்தேன். ஒரே கறையா இருந்துச்சு, நீலமும் பழுப்பும் திட்டுத் திட்டா."

"அது கறை இல்ல."

"பின்ன?"

"எலும்புக்கரியில இரும்பைப் பழுக்கவெச்சுத் தண்ணில போடுவாங்க. அதுல வர்ற கலர் அது. பழைய துப்பாக்கில அது எவ்ளோ மிச்சம் இருக்குதோ அவ்ளோ காசு. மொதல்ல அதைத்தான் பாப்போம்."

குமரனின் சிரிப்பு கொஞ்சம் கம்மியானது. "நைட்ரோ ப்ரூஃப்னு கம்பெனி..."

"கம்பெனி இல்ல. புது மருந்து போட்டு வெடிச்சுப் பாத்து, தாங்குச்சுன்னு குத்தற முத்திரை. எல்லா இங்கிலீஷ் துப்பாக்கிலயும் இருக்கும். பாட்டில்ல ஐஎஸ்ஐ பாக்கறோமே, அந்த மாதிரி. அது எங்க இப்ப?"

குமரன் தோலுறையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டான்.

ரஃபி அகமது நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியை மடித்தார். முன்கட்டையைக் கழற்றினார். இரண்டு குழல்களும் சேர்ந்த பாகம் தனியாக அவர் கைக்கு வந்தது. அதை ஒரு விரலில் தொங்கவிட்டு மறுகை முட்டியால் தட்டினார். நீளமாக ஒலித்தது. "ரெண்டு குழலையும் ஒட்டற நடுப்பட்டை விடல. நல்லா இருந்த குழல்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிக் கண்ணை வைத்துப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துவிட்டார்.

"உள்ள பாத்தியா தம்பி?"

"உள்ள யாரு பாய் பாக்கப் போறாங்க?"

நீளக் கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி ரஃபி அகமது குழலுக்குள் விட்டுத் தள்ளினார். மறுமுனையில் முதலில் காய்ந்த கரப்பான் பூச்சி ஒன்று விழுந்தது. அதன் பின்னால் முட்டைக்கூடு. அதற்கும் பின்னால் துருவும் பஃபிங் சோப்பும் எண்ணெயும் கலந்து பச்சையும் பழுப்புமாகக் கூழ் மாதிரி ஒன்று வழிந்து மேஜையில் சொட்டியது. கங்காதரன் படுத்த படுக்கையாக இருந்த ஆறு மாதத்தில் யாரும் அதைத் துடைக்கவில்லை. வெளியே முகம் பார்க்கலாம். உள்ளே இப்படி.

தேவிகா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கமலவேணி "ச்சீ" என்று காலை இழுத்துக்கொண்டாள். குமரன் சட்டையில் சொட்டு படாமல் பின்னால் நகர்ந்தான்.

"இது தொடைச்சாப் போயிடும். பரவால்ல" என்றார் ரஃபி அகமது. குழலைத் திரும்ப மாட்டி மூடினார். கட்டையைப் பிடித்துக் காதருகே ஆட்டினார். கடகடவென்று ஆடியது. "இது போகாது. மூடற எடத்துல முடி நுழையக் கூடாது. நீ அதையும் தேச்சுட்ட. இனிமே இதுல யாராவது தோட்டா போட்டா சுடறவன் மொகத்துலதான் வெடிக்கும்."

"சரி, எவ்ளோ போவும்?"

அந்த நேரத்திலும் கேட்டான், பாருங்கள்.

"போன மாசம் இருந்த மாதிரியே எடுத்துட்டு வந்திருந்தா நானே முடிச்சுக் குடுத்திருப்பேன். பெரிய பேருள்ள துப்பாக்கி இல்ல. பர்மிங்காம்ல செஞ்சது, மெட்ராஸ் கடைக்காரன் பேரு மேல போட்டிருந்துச்சு. நாப்பது லட்சமெல்லாம் கனவு. ஆனா யோக்கியமான துப்பாக்கி. ஏலகிரியில எஸ்டேட்காரர் ஒருத்தர் ஒரு லட்சத்துக்கு மேல குடுத்து எடுத்திருப்பார்."

"இப்ப?"

ரஃபி அகமது துப்பாக்கியை மறுபடி பிரித்தார். விசை வளையத்தின் வாலைப் பார்த்தார். குழலின் அடிப்பக்கத்துச் சப்பையைப் பார்த்தார். முன்கட்டைக்குள் இருந்த இரும்பைப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடி எடுத்து மறுபடி அதே மூன்று இடங்களையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நம்பர் எங்க?"

தேவிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் போலீஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். ஸ்டேஷனில் துப்பாக்கிக்கு அடையாளமே அதுதான்.

"அண்ணா, நம்பரை இன்னா பண்ண?"

"அடியில ஏதோ கீறல் மாதிரி இருந்துச்சு. அரைகொறையா விடக் கூடாதுன்னு பார்ட் பார்ட்டா கழட்டித் தேய்க்கச் சொன்னேன்."

"மூணு எடத்துலயுமா?"

"வேலைன்னா சுத்தமா இருக்கணும் இல்ல?"

ரஃபி அகமது துப்பாக்கியை அந்தத் தோலுறைக்குள் திரும்ப வைத்தார். கையைத் துணியில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, நம்பரை அழிக்கறது தனிக் குத்தம். அழிச்சதைக் கையில வெச்சிருக்கறதும் குத்தம். ஜெயில் உண்டு. இதை நான் வாங்கிக்க முடியாது. என் கடையில இது ஒரு ராத்திரி இருந்தா என் லைசென்ஸ் போயிடும்."

"பழசுல்ல பாய், தேஞ்சு போச்சுன்னு சொல்லிடலாமே."

"தேஞ்சு போச்சா? என் மொகம் தெரியுதுப்பா இதுல!"

குமரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்ணலாம் பாய். பெல்ட்டுக்கு சைஸ் அடிக்கற நம்பர் பஞ்ச் செட்டு நம்ம யூனிட்ல இருக்குது. லைசென்ஸ்ல இருக்கற நம்பரைப் பாத்து நாமளே அடிச்சுட்டா முடிஞ்சுது. உங்களுக்கு வேணுங்கறதை நான் பாத்துக்கறேன்."

பெல்ட்டுக்கு முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று அடிக்கிற பஞ்ச். ரஃபி அகமது அவனை நிமிர்ந்து பார்த்தார். கழுவாத பாத்திரத்தைப் பார்க்கிற பார்வை அது.

"எழுந்திரு" என்றார். "உங்கப்பா உக்காந்த நாற்காலி அது. எழுந்திரு மொதல்ல."

கமலவேணிக்கு முழுசும் விளங்கவில்லை. மகனை அதட்டுகிறார் என்பது மட்டும் விளங்கியது. "புள்ள நல்லதுக்குத்தானே பாய் செஞ்சான்" என்றாள்.

"அம்மா, ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான்."

ரஃபி அகமது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தேவிகாவைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. தெரியாம செஞ்சதுன்னு அவனே ஒத்துக்கிட்டா வழி இருக்கும். இன்பராஜ் சார் காது கொடுத்துக் கேக்கறவர். சாயங்காலம் வரைக்கும் நான் வாய் தொறக்க மாட்டேன். அதுக்கு மேல நான் தகவல் சொல்லியாகணும், இல்லன்னா நானும் உள்ள போகணும்."

திரும்பும் வழியில் குமரன் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தினான். யோசிக்கப் போகிறானாக்கும் என்று தேவிகா நினைத்தாள். அவன் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் உட்கார்ந்து, எண்ணெயைக் காகிதத்தில் பிழிந்து பிழிந்து தின்றான். தின்று முடித்து விரலைச் சப்பினான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அம்மா, இங்க பாரு. பதட்டப்படாத. பேப்பர்ல உன் கையெழுத்துதான் இருக்குது. துப்பாக்கி உன் பீரோலதான் இருந்துச்சு. அப்பா நெனப்புல நீ எடுத்துத் தேச்சுட்டன்னு வெச்சுக்க. பொம்பளைங்க பித்தளைச் சாமானைத் தேய்க்கற மாதிரி. மொதல்ல புளி போட்ட. போவல. அப்புறம் உப்புத்தாள் வெச்சுத் தேச்ச. நம்பருன்னு உனக்குத் தெரியாது. வயசானவ, புருஷன் செத்தவ. உன்னை யாரு இன்னா பண்ணிடப் போறாங்க?"

தேவிகா காதில் விழுந்ததை நம்பவில்லை. "அண்ணா, இன்னா பேசற நீ?"

"நான் உள்ள போனா யூனிட்டை யாரு பாக்கறது? முப்பது பேரு வேலை செய்யறாங்க. ஷிப்மெண்ட் இருக்குது. உங்க அண்ணி ரோஷினி சம்பாதிக்கவா செய்யறா? பசங்க ஸ்கூல்? யோசிச்சுப் பேசு."

"பாய் சொன்னாரே, தெரியாம செஞ்சேன்னு நீயே ஒத்துக்கன்னு. ஒத்துக்கிட்டா முடிஞ்சுதே!"

"என் பேரு கேஸ்ல வந்தா எந்தக் கம்பெனிக்காரன் எனக்கு ஆர்டர் குடுப்பான்? நீ மாசச் சம்பளக்காரி, உனக்கு அதெல்லாம் வெளங்காது. பாய் வாயை நான் பாத்துக்கறேன்."

"அம்மா மாத்திரை போடறவ. ஒரு நாள் இன்சுலின் தள்ளிப்போனா மயக்கம் போட்டு விழறவ. அவளை உள்ள வெச்சா?"

"வெக்க மாட்டாங்கன்னுதானே சொல்றேன்!"

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். கமலவேணி முறுக்கு டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்திருந்தால் தேவிகாவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மகனுக்குத் தன்னால் ஒரு காரியம் ஆகப்போகிறது என்ற மாதிரி ஒரு நிறைவு இருந்தது.

"புளி, அப்புறம் உப்புத்தாள். அவ்ளோதானேடா?" என்று கேட்டாள். "நான் சொல்லிக்கறேன். நீ சாப்புட்டியா ஒழுங்கா? வேற ஏதாவது வாங்கிக்கறியா?"

தேவிகா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். லேபில் எத்தனையோ டப்பாக்களைத் திறந்தபோது வராதது அன்று நிற்காமல் வந்தது. காலையில் குடித்த காபி, அதற்குப் பிறகு வெறும் பித்தநீர். பின்னாலிருந்து குமரன் ஹாரன் அடித்தான்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது. அண்ணன்மேல் வந்த அருவருப்பில் பாதி அம்மாமேலும் வந்தது தேவிகாவுக்கு. அது தப்பு என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறி உட்கார்ந்தபோது ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தாள். அம்மாவைச் சிறைக்கு அனுப்பவிடப் போவதில்லை.

ஸ்டேஷனில் இன்பராஜ் துப்பாக்கியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். லைசென்ஸ் நகலை எடுத்து வைத்துக்கொண்டு நம்பர் இருக்க வேண்டிய மூன்று இடங்களையும் தேடினார். கிடைக்கவில்லை. ரைட்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"யாரு பண்ணது இது?"

தன்னைப் பார்த்து யாரும் கேட்காமலே கமலவேணி முன்னால் வந்துவிட்டாள். "நான்தான் சார். அவரு நெனப்புல எடுத்துத் தேச்சுட்டேன். மொதல்ல புளி போட்டேன். போவல. அப்புறம் உப்புத்தாள் வெச்சேன்."

பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். முடித்ததும் கண் தானாக மகன் பக்கம் போனது.

இன்பராஜ் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "அம்மா, எஃகுல வெட்டுன நம்பரை உப்புத்தாள்ல தேய்க்க முடியுமா? மிஷின் போட்ட வேலை இது. பயப்படாம உண்மையைச் சொல்லுங்க. இது சின்ன விஷயம் இல்ல. கையெழுத்து உங்களுது. நீங்கதான் செஞ்சேன்னு சொன்னா நான் உங்க பேர்லதான் எழுதியாகணும். எழுதிட்டா அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

"நான்தான் சார்."

இன்பராஜ் மகனைப் பார்த்தார். "நீங்க இன்னா சொல்றீங்க?"

குமரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் ஆம்பூர்ல இருக்கேன். இன்னைக்குக் காலையிலதான் வந்தேன். பாத்ததும் எனக்கே ஷாக்."

"சார்" என்றாள் தேவிகா.

மேஜை அருகே வந்து நின்றாள். "அம்மா பொய் சொல்றாங்க. துப்பாக்கியை அண்ணன் ஆம்பூருக்கு எடுத்துட்டுப் போனாரு. அவரு யூனிட்ல பக்கிள் பாலீஷ் போடற மிஷின்ல குடுத்துத் தேச்சாரு. அழகா இருந்தா வெல ஜாஸ்தி கெடைக்கும்னு நெனச்சுப் பண்ணிட்டாரு. வேணும்னு நம்பரை அழிக்கல சார், தெரியாமதான் அழிச்சாரு. அவரை ஒத்துக்கச் சொல்லுங்க. எங்கம்மா அதைத் தொடவே இல்ல."

இதைவிடத் தன்மையாக ஒரு தங்கை சொல்ல முடியாது. அண்ணனுக்கும் ஒரு கதவைத் திறந்துவைத்துத்தான் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் என்று அவன் சொன்னால் போதும்.

இன்பராஜ் கமலவேணியிடம் திரும்பினார். "அம்மா, உங்க பொண்ணு சொல்றது நெசமா?"

கமலவேணி மகளைப் பார்த்தாள். இந்த ஒரு மாதமாகத் தனக்கு ஊசி போட்டு, காலுக்கு எண்ணெய் தேய்த்து, பக்கத்தில் படுத்துக்கொள்கிற மகளை.

"அவ சொல்றதை எழுதாதீங்க சார்" என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அவங்க அண்ணனைக் கண்டா ஆவாது. பொய் சொல்றா."

இன்பராஜ் குமரனைப் பார்த்தார். குமரன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான். "ஆமா சார். வீட்டு விஷயம், வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றான்.

ரைட்டர் எழுதத் தொடங்கினார். இன்பராஜ் லைசென்ஸ் நகலை மடித்து வைத்தார். பிறகு ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்டு, அந்த அம்மாவை உள் அறையில் உட்காரவைக்கச் சொன்னார். தேவிகா கைப்பையிலிருந்து இன்சுலின் டப்பாவை எடுத்து நீட்டினாள். கமலவேணி அதை வாங்கவில்லை. பெண் போலீஸ்தான் வாங்கிக்கொண்டாள்.

கமலவேணி எழுந்தாள். முழங்கால் வலி. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. கையை நீட்டி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தும்மா, படி இருக்குது" என்றான் குமரன்.